அச்சில் இழை விடாத நாள்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: என் மனைவி குப்பம்மாள். ஒன்பது வயது மகள். பாவு பிணைக்கிற பொன்னுசாமி அண்ணன். நான்.

அறுபத்தெட்டாம் வருஷம், ஐப்பசி. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. கிருத்திகைக்குக் கூடும் அடியார்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

ஒரு வருஷமாக என் கண் மங்கிக்கொண்டு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. கண் தெரியாத நெசவாளி வீட்டுக்குப் பாரம். நான் இல்லாவிட்டால் இவர்கள் கூரத்தில் மாமனார் வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள் என்று தோன்றியது. சாக ஆசை இல்லை. களைப்பு. உயிரை விடுவது அவர்களுக்குச் செய்யும் உபகாரம் என்றே நம்பினேன். ஊர் கோழை என்று சொல்லும். அந்த நேரத்தில் அது கடமை மாதிரி இருக்கிறது. மறுத்துப் பேச ஆள் இல்லை. மனம் சொன்னதே நியாயமாகிவிட்டது.

காலையில் குமரகோட்டம் போனேன். "முருகா, நான் நினைப்பது தப்பு என்றால் யாரையாவது அனுப்பு" என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து நெய்து முடிந்த சேலையைத் தறியிலிருந்து அறுத்தேன். பழைய பாவின், அதாவது நீள இழைகளின், நுனியைத் தறியின் அச்சில் விட்டுவைப்பது வழக்கம். அதில்தான் புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்பார்கள். நான் அதையும் உருவி எடுத்துவிட்டேன். மனைவியையும் மகளையும் கூரத்துக்குக் கிளம்பச் சொன்னேன். மழை பிடித்துக்கொண்டது. நின்றுவிட்டார்கள்.

மழையில் தெருவில் பாவு நீட்ட முடியாது. வேறு வீட்டு வேலை நின்றுபோனதால் பொன்னுசாமி அண்ணன் ஒரு நாள் முன்பாகவே எங்கள் வீட்டுக்கு வந்தார். அச்சைப் பார்த்தார்.

"இன்னாபா இது, மொட்டையா வழிச்சு வெச்சுக்கீற? தறிய விக்கப் போறியா?"

"இல்லண்ணே."

"அப்போ நீ எங்க போற?"

அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கவே இல்லை. கண் தெரியவில்லை என்று சொன்னேன். எண்ணியிருந்ததையும் சொன்னேன்.

குப்பம்மாள் என் கையைப் பிடித்தாள். "ஆறு மாசமா நீ விட்ட இழையெல்லாம் நான்தான எடுத்து வெச்சுக்கினு இருக்கிறேன். எனக்குத் தெரியாதாய்யா? நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

"உன் மூஞ்சி உனக்குத் தெரியலன்னா நல்லதுதான்பா" என்றார் அண்ணன். அவள் அழுதுகொண்டே அவரைத் திட்டினாள்.

அண்ணன் மூன்று நாள் என்னை விட்டு நகரவில்லை. பிறகு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். புரை என்றார்கள். அறுத்தார்கள். ஒரு கண்ணில் பார்வை திரும்பியது.

முருகன் நேரில் வரவில்லை. மழையை அனுப்பினான். ஆளை அனுப்பினான். களைப்பு இன்னும் வரும். வந்தால் குப்பம்மாளிடம் சொல்கிறேன்.

உங்களில் யாருக்காவது அந்த நினைப்பு இருந்தால் சாமியிடம் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் மனிதரிடமும் சொல்லுங்கள். என் வீட்டுக்கும் வரலாம். இதுவரை வந்து சொன்னவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். சொல்லாமல் போனவர் ஒருவர்.