வாயில் நுழையாத இரண்டு கல்லூரிகள்

வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் அலுவலகத்தில் வேலை பார்க்க முதல் தகுதி, தான் மிதிக்காத ஊரின் குளிரைப் பற்றி நடுங்காமல் பேசுவது. எனக்கு அது இன்றுவரை வரவில்லை. சிதம்பரம் மேல வீதியில் ஒரு மாடி அறை; சார் ஒருவர், நான் ஒருத்தி. 2009-இல் சேர்ந்தேன். எங்களிடம் இரண்டு கல்லூரிகள் இருந்தன. ஒன்று ரஷ்யாவில், மிகப் பழையது. இன்னொன்று அதற்குப் பக்கத்து நாட்டில், திறந்து நான்கு வருடம் ஆனது. இரண்டு பெயரும் யார் வாயிலும் நுழையாததால் பழசு, புதுசு என்றே சொல்வோம். தெரியாததைத் தெரிந்த முகத்தோடு சொல்லிச் சம்பளம் வாங்கும் தோழர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

மொபெட்

பழசு அனுப்பிய படங்களில் சுவரில் காரை பெயர்ந்திருக்கும். மாணவர்கள் யாரோ அப்போதுதான் திட்டிவிட்டுப் போனதுபோல் நிற்பார்கள். புதுசின் புத்தகமோ வழவழ தாள், கண்ணாடிக் கட்டடம், நடுவில் நீரூற்று. புவனகிரியிலிருந்து வந்த ஒருவரிடம், பழைய கல்லூரி என்றால் அனுபவம் அதிகம், பெரிய ஆஸ்பத்திரி கூடவே இருக்கிறது என்று மூச்சு விடாமல் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர் ஜன்னல் வழியே தெருவைக் காட்டினார்.

“பழசுன்னா மதிப்பு ஜாஸ்தின்னு சொல்றியேம்மா, கீழ நிக்குது பாரு என் மொபெட்டு, அத எவனாவது வெல கேக்குறானா?”

சாம்பார்

தேவனாம்பட்டினத்தில் சொந்தப் படகு வைத்திருக்கும் அன்பழகன் ஒரு திங்கட்கிழமை மனைவி கலாவோடும் மகள் நிர்மலாவோடும் வந்தார். நிர்மலாவுக்குப் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். இங்கே மருத்துவ சீட்டுக்குக் கொஞ்சத்தில் எட்டவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கல்லூரியைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்கு ஒரு வருடம் போய்விடும். அவர்கள் தெருவில் யாரும் டாக்டருக்குப் படித்ததில்லை. கேட்க வேறு ஆள் இல்லாததால்தான் என்னிடம் கேட்டார்கள்.

கலா கேட்டது சாப்பாட்டைப் பற்றி மட்டும். புதுசில் தமிழ்ச் சமையல்காரர் இருந்தார்; பழசில் விடுதியில் தானே பொங்கிக்கொள்ள வேண்டும். கலா உடனே புதுசின் புத்தகத்தின் மேல் கையை வைத்துவிட்டார். “சாம்பாருக்காகவாம்மா காலேஜ் பாப்பாங்க?” என்றாள் நிர்மலா.

“ஆறு வருசம் வெறும் ரொட்டியத் தின்னுட்டு வந்து நீயே பேஷண்டா படுத்துக்கினா, யாருடி வைத்தியம் பாக்கறது?”

ஒரே கேள்வி

கேட்டால் சொல், கேட்காவிட்டால் வாயைத் திறக்காதே என்பது சாரின் சட்டம். அன்பழகன் கேட்டுவிட்டார். “புதுப் போட்டு வாங்கறதுன்னா, அதே ஆளு கட்டுன போட்டு கடலுக்குப் போயித் திரும்பி வந்துச்சான்னு விசாரிப்போம். இந்தப் புதுசுல படிச்சு வந்து இங்க பரீட்ச பாஸ் பண்ண புள்ள ஒண்ணு காட்டும்மா.” வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே டாக்டராக ஒரு தகுதித் தேர்வு எழுதியாக வேண்டும்; அதைத்தான் சொன்னார்.

சார் காலண்டரைப் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன். புதுசில் இன்னும் ஒருவர்கூடப் படிப்பை முடிக்கவில்லை. பழசில் முடித்து இங்கே தேறியவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மூன்று முறை எழுதியும் தேறாதவர்களும் இருக்கிறார்கள். அங்கே நோயாளிகளிடம் பேச ரஷ்ய மொழியையும் கற்க வேண்டும். அவர்கள் படியிறங்கிய பிறகு சார் என் பக்கம் திரும்பினார்.

“உண்ம பேசறது நல்லதுதாம்மா. அதுக்குன்னு ரெண்டு காலேஜப் பத்தியுமா பேசுவ?”

இரண்டு சீட்டு

புதன்கிழமை அன்பழகன் மட்டும் வந்தார். அவருக்குப் பழசு, கலாவுக்குப் புதுசு. வீட்டில் இரண்டு நாளாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். எங்கள் பக்கத்தில் வரன் பார்க்கும்போது செய்வதுபோல, அம்மன் முன்னால் இரண்டு சீட்டு மடித்துப் போட்டுப் பூசாரியை எடுக்கச் சொல்வதென்று முடிவு. பெயர்களை நான் எழுதித் தர வேண்டும்.

சார் என்னைத் தனியே கூப்பிட்டு, புதுசில்தான் கமிஷன் அதிகம் என்று இரண்டிலும் புதுசையே எழுதச் சொன்னார். வேலை போய்விடுமோ என்று பயந்தேன். ஆனாலும் ஒரே தாளை இரண்டாகக் கிழித்து, ஒரே பேனாவில், ஒன்றில் பழசையும் ஒன்றில் புதுசையும் எழுதிக் கொடுத்தேன். அன்பழகன் இரண்டையும் பிரித்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். சார் மறுபடி காலண்டரைப் பார்த்தார்.

“தப்பா நெனைக்காதம்மா, எங்க மீன ஏலம் எடுக்கறவன் பொட்டிய அடிவரைக்கும் கொட்டிப் பாப்பான், அந்தப் பழக்கம் எங்களுக்கும் ஒட்டிக்கிச்சு.”

அம்மன் சொன்னது

முதலில் பழசு வந்ததாம். அம்மனுக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று கலா மறுபடி போடச் சொல்ல, புதுசு வந்தது. அன்பழகன் விடவில்லை, பழசு. கலாவும் விடவில்லை, புதுசு. ஐந்தாம் தடவை பூசாரி சீட்டைத் தொடவே மறுத்துவிட்டார்.

“அம்மாவுக்கு ரெண்டுமே சம்மதம், வழிய வுடுங்க, பின்னால காது குத்தறவங்க நிக்கறாங்க!”

வெள்ளிக்கிழமை

கடைசி நாள் நிர்மலா தனியாகப் பஸ் ஏறி வந்தாள். நீயே சொல்லிவிடு என்று இருவரும் அவளிடம் விட்டுவிட்டார்கள். சார் சாப்பிடப் போயிருந்தார். அவள் புத்தகங்களைத் தொடவில்லை. “அக்கா, நீங்க எங்க படிச்சீங்க?” என்றாள்.

சொன்னேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். புதிதாகத் திறந்த ஒரு இன்ஜினியரிங் கல்லூரி; நாங்கள்தான் முதல் பேட்ச். ஆய்வகத்துக்கு மெஷின்கள் மூன்றாம் வருடம்தான் வந்தன. அதைவிடக் கஷ்டம், எந்தப் பாடத்தை எப்படிப் படிப்பது என்று கேட்க மேல் வகுப்பில் ஒருவரும் இல்லாதது. “உனக்கும் அப்படியே ஆவும்னு சொல்ல மாட்டேன். அந்தப் புதுசு நல்லாவும் வரலாம். எனக்குத் தெரியாது” என்றேன். இந்த வேலையில் நான் பயமில்லாமல் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். நிர்மலா படிவத்தை இழுத்து, பழசின் பெயரைப் பார்த்துப் பார்த்து எழுதினாள்.

“வீட்லயும் கேக்க ஆளு இல்ல, அங்கயும் ஆளு இல்லன்னா, நான் யாரத்தாங்க்கா கேப்பேன்?”

எங்கே போகலாம் என்று ஊரே வந்து கேட்கும் இந்த வேலையில், நான் எங்கிருந்து வந்தேன் என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். நல்லவேளை, மற்றவர்களுக்கு அது தோன்றுவதில்லை.