பிரச்சினை இல்லை, சேர்

என்ட மனிசன் ஜமால்தீன், யுத்த காலத்தில ஊர்காவல் படையில பதினாறு வருசம் மூதூர்ப் பக்கம் காவலரணில நின்றவர். மேலதிகாரி வந்தால் எழும்பி சல்யூட் அடிச்சு, "பிரச்சினை இல்லை, சேர்" என்று சொல்லவேணும். பக்கத்து அரணில ரெண்டு கூட்டாளிமார் சூடுபட்டு மௌத்தான அன்றும் அதைத்தான் சொன்னவராம்.

இப்ப பட்டாசு வெடிச்சாலும் கட்டிலுக்குக் கீழ போயிடுவார். சந்தைக்குப் போகவும் ஏலாது. யுத்தப் பயத்தால வந்த பதகளிப்பு நோய் என்று டொக்டர் எழுதித் தந்தும், அங்கவீனக் கொடுப்பனவு இல்லை என்றிட்டாங்கள். ஏனென்றால், விசாரணையில "என்ன கஷ்டம்?" என்று கேட்க, இந்த மனிசன் எழும்பி சல்யூட் அடிச்சு அதையே சொல்லியிருக்கிறார்.

மேன்முறையீட்டுக்கு நானும் திருகோணமலைக்குப் போனன். "வாயைத் திறக்காதீங்க, நான் கதைக்கிறன்" என்று சொல்லித்தான் கூட்டிப் போனன். நான் அதிகாரியோட கதைச்சுக்கொண்டிருக்க, ஆரோ அலுமாரிக் கதவை அடிச்சுச் சாத்தினாங்கள். திரும்பிப் பார்த்தால் இவர் இருந்த கதிரை வெறுமை. மனிசன் மேசைக்குக் கீழ காதைப் பொத்திக்கொண்டு நடுங்குறார்.

அல்ஹம்துலில்லாஹ், இப்பவாவது கண்ணால கண்டுட்டாங்கள் என்று நினைச்சன்.

அதிகாரி குனிஞ்சு கேட்டான்: "என்ன, சுகமில்லையா?"

காதைப் பொத்தின கை நெற்றிக்குப் போனது. "பிரச்சினை இல்லை, சேர்."

நாசமாப் போவான், அதை மட்டும்தான் எழுதினான்.