என் சூலகத்தை என்னிடம் கேட்கவில்லை

முதல் நாளே எனக்கு ஏச்சு விழுந்தது. கதிர்ச் சிகிச்சை கொடுக்கிற மேசையில் மல்லாந்து கிடந்தேன். உள்ளறையிலிருந்து படத்தைப் பார்த்துவிட்டு, இயந்திரத்தை இயக்குகிற பெண் விறுவிறுவென்று வந்தாள்.

"சலப்பை வெறுமையாக் கிடக்கு. தண்ணி குடிச்சிட்டு வரச் சொன்னது தானே? எழும்பிப் போய்க் குடியுங்கோ."

எனக்கு மலக்குடலில் புற்றுநோய். வயது முப்பத்தைந்து. மூலம் என்று சொல்லி இரண்டு இடங்களில் மருந்து தந்தார்கள். மூன்றாவது இடத்தில்தான் உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார்கள். முதலில் கதிர் கொடுத்துக் கட்டியைச் சுருக்குவது, பிறகு வெட்டி எடுப்பது என்று முடிவாயிற்று. அதைச் சொன்ன அன்று பெரிய டொக்டர் என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என் கணவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கதவு சாத்தப்பட்டது. வெளியே வந்தவரிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"எல்லாம் சுகமாகும் எண்டவர்," என்றார் அவர்.

எங்கள் ஊர் வங்காலையிலிருந்து தினமும் போய்வர முடியாத தூரம். மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருந்த என் மச்சாள் வீட்டில் தங்கினேன். கணவர் நண்டு வாங்கி விற்கிறவர். தொழிலை விட்டுவிட்டு வர ஏலாது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்தார்.

ஏசிய அந்தப் பெண்தான் தண்ணீரின் காரணத்தையும் சொன்னாள். சலப்பை, அதாவது மூத்திரப்பை, நிரம்பியிருந்தால் சிறுகுடலை மேலே தள்ளி வைக்குமாம். கதிர் போகிற வழியில் குடல் அவ்வளவாக இருக்காதாம். "உங்கட நல்ல உறுப்புகளைக் காப்பாற்றத்தான் அம்மா நான் கத்துறன்," என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது. அதனால் வயிறு வெடிக்கும் அளவுக்குக் குடித்துவிட்டு, நடைபாதைக் கதிரையில் காலை இறுக்கிக்கொண்டு என் முறைக்குக் காத்திருப்பேன். நாட்கள் போகப்போக சலம் போகும்போது எரிந்தது, அடக்குவது பெரும்பாடாயிற்று. ஒருநாள் இயந்திரம் இடையில் நின்றுவிட, முறை நீண்டுகொண்டே போய், வரிசையில் இருந்த ஆம்பிளைகளுக்கு முன்னால் என் உடுப்பு நனைந்தது. துடைப்பத்தோடு வந்தவன் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. குடல் தப்பினால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுத்த நாளும் குடித்தேன்.

கிழமைகள் போக, அந்தப் பெண்ணிடம் ஒருநாள் கேட்டேன். "சலப்பையும் குடலும் அதில இருக்கெண்டால், பக்கத்தில வேற என்ன இருக்கு?"

அவள் முகம் மாறியது. "அதெல்லாம் டொக்டர் சொல்லியிருப்பார் தானே," என்றபடி விளக்கைக் குறைத்துவிட்டு வெளியே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கணவரிடம் அதையே கேட்டேன். "தேவையில்லாமல் யோசிக்காத. சாப்பிடு," என்றார்.

கதிர் முடிந்து வீட்டுக்கு வந்தபின் எனக்கு மாதவிடாய் வரவில்லை. உடம்பு நொந்துபோயிருக்கிறது, தாமதமாகும் என்று நினைத்தேன். பிறகு சூடு ஏறத் தொடங்கியது. தேவாலயத்தில் பூசை நடுவே மார்பிலிருந்து நெற்றிவரை தகதகவென்று ஏறி, சட்டை ஈரமாகிவிடும். பக்கத்து வாங்கில் இருந்த அறுபது வயதுக்காரி என் காதில் குனிந்து, "உமக்கு அதுக்குள்ள நிக்கிற காலம் வந்திட்டுதோ?" என்று பகிடி விட்டாள். நானும் சிரித்தேன்.

ஒப்பரேசனுக்கு முன் கிளினிக்குக்குப் போனபோது ஓர் இளம் பெண் டொக்டர் இருந்தார். கணவர் வெளியே நின்றார். நான் சூட்டைப் பற்றிச் சொன்னதும் அவர் ஆச்சரியப்படவில்லை.

"சூலகம் ரெண்டிலயும் கதிர் பட்டது தானே. இனி வராது. உங்களுக்குத் தெரியும் தானே?"

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல."

பேனையைக் கீழே வைத்தார். "பெரிய டொக்டர் உங்கட மிஸ்டரிட்டச் சொன்னவர். நானும் அந்த அறையில நிண்டனான். கதிர் துடங்க முதல் சூலகத்தை மேல தூக்கித் தைக்கிற ஒப்பரேசன் ஒண்டு இருக்கு எண்டும் சொன்னவர். உங்கட மிஸ்டர்தான், ஒரு பிள்ளை இருக்கு, இவவுக்குச் சொன்னா பயத்தில வைத்தியத்துக்கு வரமாட்டா, சொல்ல வேண்டாம் எண்டவர்."

"தைச்சிருந்தால் எனக்குப் பிள்ளை பிறந்திருக்குமோ?"

"கருப்பையிலயும் கதிர் பட்டிருக்கும். பிள்ளை தங்கியிருக்கும் எண்டு சொல்ல ஏலாது. ஆனா இந்த வயசில எல்லாம் நிண்டு போகாமல் இருக்க ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்."

இந்த வருத்தம் வர முந்தின வருசம்தான் எனக்கு நாலாம் மாதத்தில் ஒரு பிள்ளை கலைந்திருந்தது. அடுத்ததுக்காக நாங்கள் இரண்டு பேரும் மடு மாதா கோயிலுக்கு நடந்துபோய் நேர்த்தி வைத்திருந்தோம். அவரும் பக்கத்தில் முழங்காலில் இருந்தவர்தான்.

திரும்பும் பஸ்ஸில் யன்னல் பக்கம் திரும்பியே இருந்தேன். பாப்பாமோட்டையில் யாரோ இறங்க பஸ் நின்றது. இனி அவருக்குப் பக்கத்தில் இருக்க ஏலாது என்று தோன்ற, நானும் இறங்கிவிட்டேன். அவர் பதறியடித்துப் பின்னால் இறங்கினார். கொளுத்துகிற வெயில். வெட்டி முடிந்த வயல்கள் இரண்டு பக்கமும்.

"என்ன விசர் வேலை இது? ஏன் இறங்கினனி?"

"என்ர சூலகத்தைப் பற்றி உங்களிட்டச் சொன்னவையோ இல்லையோ?"

அவர் தெருவைப் பார்த்தார். "உன்ர உசிருக்குப் பயந்துதான் சொல்லேல்ல. சொன்னா நீ வந்திருக்க மாட்டாய்."

"வந்திருப்பன். வராமல் விட்டிருந்தாலும் அது என்ர முடிவு. நான் வரமாட்டன் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"பிள்ளை ஒண்டு இருக்குத்தானே. அது தாயில்லாமல் வளரோணுமே?"

"அவளை இதுக்குள்ள இழுக்காதேங்கோ."

தெருவென்றும் பாராமல் கத்தினேன். சைக்கிளில் போன ஒருவர் நின்று, "தங்கச்சி, ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டார். "ஓம் அண்ணை, இவர்தான் பிரச்சினை," என்றேன். அடுத்த பஸ்ஸில் நான் முன்னாலும் அவர் பின்னாலும் ஏறினோம்.

அடுத்த கிழமை தனியே போய்ப் பெரிய டொக்டரைப் பார்த்தேன். இருக்கச் சொன்னார், இருக்கவில்லை.

"உயிரோட இருக்கிறீங்கள். கட்டி நல்லாச் சுருங்கியிருக்கு. அதைப் பாருங்கோ அம்மா. குடும்பத்தோட கதைச்சுத்தான் நாங்கள் செய்யிறது."

"என்ர வயித்துக்குள்ள இருக்கிறது குடும்பத்தின்ர இல்லை டொக்டர். வேற எதெதில கதிர் பட்டது? இப்பச் சொல்லுங்கோ."

கடிகாரத்தைப் பார்த்தார். நான் அசையவில்லை. கடைசியில் சொன்னார். சலப்பை சுருங்கி அடிக்கடி போகவேண்டி வரலாம். சிறுகுடலில் கொஞ்சம் பட்டிருக்கிறது; வருசங்கள் கழித்தும் வயிற்றோட்டமோ அடைப்போ வரலாம். இடுப்பெலும்பு பலம் குறையும், விழாமல் பார்க்கவேண்டும். பெண்ணுறுப்பின் வழி வறண்டு இறுகும். அதற்குச் செய்யவேண்டிய பயிற்சியை முதலே சொல்லியிருக்கவேண்டும். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தார்.

"எலும்புக்கும் சூட்டுக்கும் குளிசை இருக்கு, தரலாம்," என்றார்.

"அதையும் அவரிட்டத்தான் சொல்ல இருந்தனீங்களோ?"

அவர் குளிசைச் சீட்டை எழுதத் தொடங்கினார். "இனி என்னைப் பற்றி என்னோட மட்டும் கதையுங்கோ," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒப்பரேசன் நடந்தது. சில மாதங்கள் மலம் சேர வயிற்றில் ஒட்டிய பையோடு திரிந்தேன், பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள். நோய் திரும்பவில்லை. கிளினிக்குக்குத் தனியே போய்வருகிறேன். கணவர் கூடத்தில் படுக்கிறார். ஊரில் எல்லாரிடமும் தான்தான் என்னைக் காப்பாற்றியதாகச் சொல்கிறார் என்று கேள்விப்பட்டேன். பங்குச் சுவாமி வீட்டுக்கு வந்து மன்னிக்கச் சொன்னார்.

"அவர் என்னட்ட மன்னிப்புக் கேக்கேல்ல சுவாமி. நான் நன்றி சொல்லோணும் எண்டு நிக்கிறார்," என்றேன். சுவாமி தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினார்.

போன மாதம் மகள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் வராததுமாகக் கேட்டாள். கூடப் படிக்கிற பிள்ளைக்குத் தம்பி பிறந்துவிட்டானாம். "எங்கட வீட்டில எப்ப அம்மா?"

அவர் வாசலில் நண்டுப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். "அப்பாட்டக் கேள். அவருக்குத்தான் தெரியும்," என்றேன்.

"அம்மாவுக்குச் சுகமில்லைத்தானே," என்று அவர் முணுமுணுத்தார்.

"பிள்ளைக்கும் பொய் சொல்லாதேங்கோ. சரியாச் சொல்லுங்கோ."

தண்ணீர்க் குழாயை நிறுத்தினார். ஈரக்கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னார். "அம்மாவின்ர வருத்தத்துக்கு வைத்தியம் செய்யேக்க, பிள்ளை வாற இடமும் எரிஞ்சு போச்சு. எனக்கு முதலே தெரியும். அம்மாட்டச் சொல்லேல்ல."

"ஏன் அப்பா சொல்லேல்ல?"

அவர் என்னைப் பார்த்தார். அவருக்காக நான் எதுவும் சொல்லவில்லை.