விதைக்கு எடுத்த பூஞ்சை

புரட்டிய புழு நெளிந்தால் பாஞ்சாலைக்கு முகம் வாடிவிடும். ஈர்க்குச்சியால் இன்னொரு தரம் நெருடிப் பார்ப்பாள். மறுபடியும் நெளிந்தால் கல்லால் நசுக்கிப் போட்டுவிட்டு அடுத்த புளியமரத்தடிக்கு நகர்வாள். மழை விட்ட அரை மணி நேரத்தில் அவளை ஏதாவதொரு கொல்லையில் குந்தியிருக்கக் காணலாம். வேர்ப்புழு சாகவில்லையே என்று மலையே அழுகிறது. இவள் தானாகச் செத்த புழு ஒன்றைத் தேடி அலைகிறாள்.

வயது நாற்பத்தாறு. ஜமுனாமரத்தூருக்கு மேலே ஒரு மகளிர் குழுவின் தகரக் கொட்டகையில் புழுவைக் கொல்லும் பூஞ்சை வளர்ப்பது வேலை. வேகவைத்த நொய்யரிசியில், விதைக்கென்று வளர்த்து வைத்த தட்டிலிருந்து துளி பூஞ்சையைக் கிள்ளிப் போட்டால் பத்து நாளில் பை நிறையப் பூத்துவிடும். அதைப் பாக்கெட்டில் அடைப்பார்கள். எருவில் கலந்து சாமைக் கொல்லையில் தூவினால் வேர்ப்புழு சாகும். கொட்டகைக்குள் நுழையுமுன் முழங்கைவரை மூன்று தடவை சோப்புப் போடுகிறவள், சாப்பிட உட்காரும்போது கையைப் புடவையில் துடைத்துக்கொள்வதோடு சரி. பூஞ்சை என்று அவள் வாயில் வராது. "மாவு" என்பாள்.

முதல் மாவு அவள் கண்டெடுத்ததுதான். ஆறு வருடத்துக்கு முன்பு, உடம்பெல்லாம் மாவில் புரட்டியதுபோல் விறைத்துக் கிடந்த ஒரு புழு. பூஞ்சை வளர்க்கக் கற்றுக்கொடுக்கும் திட்டத்தை அப்போது மலையில் நடத்திய ஆய்வாளர் சிவசங்கர் அதிலிருந்து பூஞ்சையைப் பிரித்து வளர்த்துக் கொடுத்தார். திட்டம் முடிந்ததும் அவர் கீழே இறங்கிவிட்டார். அப்புறம் எல்லாம் பாஞ்சாலை பாடு.

தட்டில் பூஞ்சை ஒரே மாதிரி வளர்வதில்லை. ஓரிடத்தில் படிந்து, பழுப்பேறிய மாவாகக் கிடக்கும். ஓரிடத்தில் இலவம்பஞ்சாகப் பொங்கி நிற்கும். சாமைக்குக் கொழுத்த கதிரை விதைக்கு ஒதுக்கிய கை, இங்கும் பொங்கியதையே கிள்ளியது. மெலிந்ததைக் கழித்துக் கொட்டியது. நாலு வருடம் இப்படி.

போன வருடம், பாக்கெட் வாங்கித் தூவியும் ஈஸ்வரியின் அரை ஏக்கர் சாமையைப் புழு வேரோடு தின்றது. இன்னும் பலர் கொல்லையிலும் அதே கதைதான். பாஞ்சாலை போன் செய்து அழைக்க, சிவசங்கர் வந்து தட்டுகளைப் பார்த்தார். அவர் சொன்னதை அவள் தனக்குள் இப்படிச் சொல்லிக்கொள்கிறாள்:

"அதுக்குள்ள வெசம் செய்யச் சொல்ற மரபணு இருக்குதாம். புழுவத் தின்னாத்தான் அது முழிச்சிருக்குமாம். நாம சோத்தப் போட்டே வளத்தமா, தூங்கிப்போச்சு. தூங்கிப்போனதுதான் பஞ்சாட்டம் கொழுக்குமாம். நான் அதயேதான் எடுத்து எடுத்து வெச்சிருக்கிறேன்."

தன் விரலால் தன் கண்ணையே குத்திக்கொண்டது போலாயிற்று. பழைய மாவில் ஒரு துளிகூட மிச்சமில்லை. மறுபடி ஒரு மாவுப் புழு கிடைத்தால்தான் உண்டு. அதுவும் விதைப்புக்கு முன்னால் கிடைக்க வேண்டும். இதுவரை எத்தனை புழுவைப் புரட்டியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. கறுத்து அழுகியவை கிடைத்தன. மாவு பூத்தது ஒன்றுகூட இல்லை. குழுவில் யாரிடமும் அவள் வாய் திறக்கவில்லை. குழு கலைந்துவிடுமோ என்ற பயம்.

ஆனி கடைசியில் ஈஸ்வரி பையோடு வந்து நின்றாள். இந்த வருடம் இரண்டு பாக்கெட் வேண்டுமாம். பாஞ்சாலை தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அது வெறும் பஞ்சு, கொல்லையில் போட்டுப் பயனில்லை, தப்பு தன்னுடையது என்றாள்.

ஈஸ்வரிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

"அப்ப நான் எருவுல சரியாத்தான் கலந்தனாக்கா?" என்று கேட்டாள். "என் வூட்டுக்காரரு ஒரு வருசமா சொல்லிச் சொல்லி அடிக்கிறாரு. கலக்கத் தெரியாத கைன்னு. நானும் அப்டித்தான் நெனச்சிக்கினு இருந்தேன்."

பாஞ்சாலை ஈஸ்வரியின் கையிலிருந்த காலிப் பையை வாங்கி மடித்துத் தன் இடுப்பில் செருகினாள். கொட்டகையைப் பூட்டாமலே, ஈஸ்வரியின் வீட்டை நோக்கி முன்னால் நடந்தாள்.