பத்து லட்சத்து மூன்று

தொண்ணூற்றொன்றில் எங்களுக்குப் பிறந்த பெண் குழந்தை மூச்சே விடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து சேரப்பணஞ்சேரி வீட்டுக்குத் திரும்பிய பிறகு என் மனைவி பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள். மற்ற நேரமெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

நான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு பம்பு கம்பெனியில் வேலையில் இருந்தேன். ஒரு மதியம் ஷிப்ட் முடிந்து வந்தபோது, கம்பெனியிலிருந்து நான் கொண்டுவந்து போட்டிருந்த சாக்பீஸால் சமையலறைத் தரை முழுக்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் காஞ்சிபுரத்தில் கணிதம் படித்து பட்டம் வாங்கியவள். நான் பத்தாவதோடு ஐ.டி.ஐ. போனவன். பயந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவளாகவே சொன்னாள். பத்து லட்சத்து மூன்று என்பது பகா எண், ஒன்றைத் தவிர வேறெந்த எண்ணும் அதை மீதியில்லாமல் வகுக்காது என்று கல்லூரியில் சொன்னார்களாம். அப்போது கேட்டுக்கொண்டதோடு சரி, இப்போது தானே போட்டுப் பார்க்க வேண்டுமாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் இத்தனை வார்த்தை பேசியதில்லை.

அன்றிலிருந்து நானும் வகுத்தேன். பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும் என்று சொல்லிக்கொடுத்தாள். ஏழால் வகுத்தால் நான்கு மீதி. நூற்றொன்றுக்கு இரண்டு மீதி. எதிலாவது வகுபட்டு, கணக்கு அதோடு முடிந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கும். அவள் மீதியைப் பார்த்ததும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடுத்ததை எழுதுவாள். எங்களுக்குள் வேறு பேச்சே கிடையாது. அது இருக்கிறவரைக்கும் போதும் என்றிருந்தேன்.

எண்ணூறைத் தாண்டியபோது கேட்டேன், "இன்னும் எவ்ளோ கீது?"

"ஆயிரம் வரைக்கும்தாங்க."

பத்து லட்சம் வரைக்கும் போகும் என்றல்லவா நினைத்திருந்தேன்.

"ரெண்டு நம்பரைப் பெருக்கி இது வரணும்னா, ரெண்டுமே ஆயிரத்தைத் தாண்ட முடியாது. ஒண்ணு கீழதான் இருக்கணும். கீழ இல்லன்னா எங்கயும் இல்ல."

அதன் பிறகு வேண்டுமென்றே மெதுவாக வகுத்தேன். ஒரே கணக்கை இரண்டு முறை சரிபார்த்தேன். அப்படியும் கடைசி எண் வந்துவிட்டது. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு. பன்னிரண்டு மீதி.

இதைவிடப் பெரியதாக ஒன்று எடுக்கலாமா என்றேன். அவள் தரையைத் துடைத்து முடித்து, துணியைப் பிழிந்து காயப்போட்டாள்.

"வேணாங்க. என்னை அம்மா வூட்டுல வுட்டுடுங்க."

ஒரகடம் வழியாகப் போகும் காஞ்சிபுரம் பஸ்ஸில் ஒரே சீட்டில்தான் உட்கார்ந்திருந்தோம். எப்போது வந்து கூப்பிட என்றதற்குச் சொல்லியனுப்புவதாகச் சொன்னாள். சொல்லியனுப்பவில்லை. பொங்கலுக்கு நானே போனேன். டீ போட்டுக் கொடுத்தாள், கம்பெனியைப் பற்றி விசாரித்தாள், கிளம்பி வரவில்லை. அடுத்த வருடமும் அப்படித்தான். பிறகு நான் போவதை விட்டுவிட்டேன். கிடைத்த ஓ.டி.யெல்லாம் பார்த்தேன். வீட்டுக்குப் போவதைத் தள்ளிப்போட எனக்கு வேறு வழி தெரியவில்லை.