சாமியின் காவலில் இருந்த பெட்டி

கோயில்காட்டின் ஓரத்துக்கு வந்ததும் அதிகாரியின் கையிலிருந்த கருவி படபடக்க ஆரம்பித்தது. அதுவரை எங்கள் மலையில் அரியூர் நாட்டுப் பக்கத்து மரவள்ளிக் காடுகளிலும் மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு அடியிலும் சோம்பலாக டிக், டிக் என்று விட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது, அங்கே தகரத்தில் மழை விழுகிற மாதிரி ஆகிவிட்டது. அவர் காலை எடுத்து வைக்கப் போனார். என் தாய்மாமன் குறுக்கே கையை நீட்டினார். “செருப்பு, மிசினு எதுவும் உள்ள ஆகாதுங்க.” அவர்தான் அந்தக் கோயிலின் பூசாரி. அந்த நிமிடம் என் மாமனை நானே நம்பவில்லை.

வெளிநாட்டில் இரண்டு பெரிய கட்டடங்கள் இடிந்து விழுந்ததை மலையில் எல்லாரும் டிவியில் பார்த்து முடித்திருந்த காலம் அது. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். நாமக்கல்லில் டிகிரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவனை, வந்தவர்களுக்கும் ஊருக்கும் நடுவில் பேசுவதற்காகக் கூட்டிக்கொண்டார்கள். சென்னையிலிருந்து வந்த அதிகாரி ஒருவர், வெளிநாட்டு நிபுணர் ஒருவர், இரண்டு போலீஸ்காரர்கள். மலைமேல் குழாய் பதித்த ஒப்பந்தக்காரர், குழாயின் பற்றவைப்பைச் சோதிக்க ஒரு பெட்டி வைத்திருந்தாராம். அதற்குள் கதிர்வீசும் பொருள்; அந்தக் கதிரைக் கண்டால் கத்துவதுதான் அதிகாரியின் கருவி. அது ஜீப்பிலிருந்து எங்கேயோ விழுந்துவிட, அவர் வெளியில் சொல்லாமல் மறைத்துவிட்டார். பெட்டியைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனி பழைய பெட்டிகளைத் திருப்பிக் கேட்டபோதுதான் ஒன்று குறைவது தெரிந்து, அவரும் தலைமறைவானார். அந்தப் பொருள் தீவிரவாதிகள் கையில் கிடைத்து வெடிமருந்தோடு சேர்ந்தால் ஒரு நகரத்தின் கடைவீதியே பல வருடம் ஆள் நுழைய முடியாமல் போய்விடும், அதனால்தான் நாடுகள் ஒன்றுக்கொன்று உதவித் தேடுகின்றன என்று அதிகாரி எனக்கு விளக்கினார்.

நான் அதை அப்படியே ஊரில் சொன்னேன். யாரும் நம்பவில்லை. முன்பு மலையில் பாக்சைட் தாது வெட்ட வந்தவர்களும் முதலில் ஒரு மிசினோடுதான் வந்தார்கள். “எங்கியோ இருக்கற தொரைக்கு எங்க மலை மேல என்ன சாமி அக்கற? மண்ணுக்குள்ள என்னமோ இருக்குது, அதத்தான் மோந்து பாக்கறாங்க. நீ படிச்சிட்டு அவங்களுக்கு வழி காட்டற,” என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. அதிகாரிக்கோ ஊரின் மீது சந்தேகம். யாராவது எடுத்தீர்களா, விற்றீர்களா என்று கேட்ட இடத்திலெல்லாம் இல்லீங்க, இல்லீங்க என்றே பதில் வந்தது. அடிவாரத்துப் பேளுக்குறிச்சி சந்தையில் பழைய இரும்பு வாங்குகிறவர், பூசாரி அடிக்கடி கீழே வருவார் என்று மட்டும் சொல்லியிருந்தார். போலீசுக்கு அது போதுமாக இருந்தது. இப்போது கருவி வேறு கத்துகிறது. பெட்டியை இன்றைக்கே கொடுக்காவிட்டால் பூசாரியை ஜீப்பில் ஏற்றிவிடுவோம் என்றார்கள்.

மாமாவைத் தனியாக அழைத்துப் போய், “வித்துட்டீங்களா மாமா?” என்று கேட்டேன். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. “சாமிகிட்ட இருக்கறத விக்கறவன் வெளங்குவானா?” என்றார். அதற்குப் பிறகுதான் விஷயம் புரிந்தது. மலையில் கேட்பாரற்றுக் கிடக்கிற பொருளை யார் பார்த்தாலும் கொண்டுவந்து சாமி காலடியில் வைத்துவிடுவார்கள். பூட்டைத் தொடமாட்டார்கள். அது இருப்பதை யாரிடமும் வாய்விடவும் மாட்டார்கள். உடையவன் நேரில் வந்து, பார்க்காமலே அடையாளம் சொல்லி, தேங்காய் உடைத்து எடுத்துப் போகவேண்டும். “கேக்கறவனுக்கெல்லாம் சாமிகிட்ட என்ன இருக்குதுன்னு சொன்னா, களவாணி வந்து என்னுதும்பான். இவுங்க மட்டும் யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?” அதிகாரியும் காலையில் ஜீப்பில் எங்களிடம் அதையேதான் சொல்லியிருந்தார். பெட்டி கிடைத்தால் எங்கே கிடைத்தது என்று வெளியில் மூச்சு விடக்கூடாது என்று.

ஒப்பந்தக்காரர் வரப்போவதில்லை. “அப்ப அதச் செஞ்சவுங்க வரட்டும்,” என்றார் மாமா. அந்தக் கம்பெனியின் நாட்டிலிருந்தே வந்திருந்த நிபுணரிடம் சொன்னேன். அவர் என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கே மாட்டிவிடப் பார்க்கிறார்களோ என்கிற பார்வை. பிறகு பூட்சைக் கழற்றினார், காலுறையையும் கழற்றினார். மேலே கைப்பிடி, பக்கவாட்டில் மஞ்சள் தகடு, அதில் மூன்று இதழ் விசிறி மாதிரி ஒரு குறி, அடியில் வெட்டிய எண்கள் என்று அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். மாமா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையாட்டினார். தேங்காய்தான் உடைய மாட்டேன் என்றது. “ஒரு தேங்காய ஒடைக்கத் தெரியல, இவுங்க ஊர்லதான் குண்டு செய்யறாங்களாமா,” என்றாள் அத்தை. போலீஸ்காரர்கூடச் சிரித்துவிட்டார். பெட்டி வெளியே வந்தது. பூட்டு உடையவில்லை, யாருக்கும் எந்தத் தீங்கும் இல்லை. வெளிநாட்டுக்காரர் மாமாவைக் கும்பிட்டார்.

ஆனால் ஜீப்பில் பெட்டியோடு மாமாவையும் ஏற்றினார்கள். ஒரு கையெழுத்துக்குத்தான் என்றார் அதிகாரி. விசாரணை என்று இழுத்தடித்து, யாருக்காக வைத்திருந்தாய், எவன் பணம் தருவதாகச் சொன்னான் என்று கேட்டுக் கேட்டுத்தான் விட்டார்கள்; மாமா திரும்பி வந்தபோது ஆள் பாதியாகியிருந்தார். அடித்தார்களா என்று கேட்டேன். அவர் திண்ணையில் ஏறிப் படுத்துக்கொண்டார். பெட்டி பத்திரமாக அதன் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக அதிகாரி எனக்கு போனில் சொன்னார். எனக்கு அது உண்மைதானா என்று இன்றுவரை தெரியாது.

இப்போது நான் மலைப் பள்ளியில் வாத்தியார். போன மாதம் மாமாவை வண்டியில் பின்னால் உட்காரவைத்து அடிவாரத்திலிருந்து ஏறிக்கொண்டிருந்தேன். ஒரு கொண்டை ஊசி வளைவில், தடுப்புச் சுவர் ஓரமாக, பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி ஒன்று கிடந்தது. எங்களுக்கு முன்னால் நடந்து போனவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு சாலையின் மறுபக்கமாகப் போனார்கள். நான் வண்டியை நிறுத்தினேன். மாமா இறங்கவில்லை.

“வண்டிய எடு மாப்ளே. நாம எதையும் பாக்கல.”