தபலா போட்ட எங்கள் பங்க் பாட்டு

நான்கே மாதம் உயிரோடு இருந்த எங்கள் பங்க் ராக் இசைக்குழுவை இன்று ஒருவர் அன்போடு அடக்கம் செய்துவிட்டார்.

எங்கள் குழுவில் டிரம்ஸ் கிடையாது. தட்டாஞ்சாவடியில் அருணுடைய மாமாவின் பட்டறையில் ஓடிய தகடு வெட்டும் மெஷின்தான் தாளம். அது அடிக்க அடிக்க அருண் கிடார் வாசிப்பான், நான் தொண்டை கிழியக் கத்துவேன்.

பிறகு அருண் பிரான்சுக்குப் போனான், மெஷின் பழைய இரும்புக்குப் போனது. மிச்சம், பென்டிரைவில் இருந்த ஒரே ஒரு பாட்டு.

சத்தத்தைக் கொஞ்சம் கூட்டித் தரச் சொல்லி, கல்யாண வீடியோ எடிட் செய்யும் கடையில் அதைக் கொடுத்திருந்தேன். இன்று வாங்கப் போனேன்.

"பின்னாடி ஒரே மெஷின் சத்தம்க்கா. சுத்தமா எடுத்துட்டேன்," என்றார் கடைக்காரர். "வெறுமனே இருந்துச்சேன்னு தபலா போட்டேன். உங்க குரலையும் சுருதியில நிறுத்திட்டேன்."

"பழசு எங்க?"

"அதுமேலயே சேவ் பண்ணிட்டேன்க்கா. ரெண்டு இருந்தா நீங்க குழம்பிடுவீங்கல்ல?"

அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. காசைக் கொடுத்துவிட்டுப் பென்டிரைவை வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் அம்மா பாட்டை இரண்டு முறை போட்டுக் கேட்டார். "இப்பதான்டி பாட்டு மாதிரி இருக்குது. காலாப்பட்டு சித்தி பொண்ணு ரிசப்ஷன்ல போடச் சொல்றேன்."

பாட்டின் பல்லவியே "எவன் கல்யாணத்துக்கும் வரமாட்டேன் போடா" என்பதுதான்.

ரிசப்ஷனுக்குப் போகிறவர்கள், அந்த வரிக்கு யாராவது கைதட்டினார்களா என்று வந்து சொல்லுங்கள். நான் போகவில்லை. எங்களுடையதாக மிச்சமிருப்பது அந்த வரி ஒன்றுதான், அதையாவது காப்பாற்றுகிறேன்.